விடுபட்ட பக்கம்

அத்தியாயம் 14

பத்தொன்பது என்ற எண்ணோடு படுத்த ஹஸீனா, அதே எண்ணோடுதான் எழுந்தாள்.

முப்பத்து நான்கு பிள்ளைகள் படிக்கும் வகுப்பு. இறுதித் தேர்வுக்கு முன்னோட்டமான பிரிலிம் தேர்வில், வணிகப் பாடத்தில், பத்தொன்பது பேர் ஃபெயில். அவள் இரண்டு வருடமாக ராப்பகலாக உட்கார்ந்து உருவாக்கிய கணினிப் பாடத்தில் படித்துத் தேர்வெழுதிய முதல் பிள்ளைகள் அவர்கள்.

நேற்று சாயங்காலம் அந்தப் பட்டியலைத் துறைத்தலைவர் சுந்தரேசனிடம் நீட்டினாள். அவர் மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு இந்தப் பக்கத்தை மட்டும் விட்டுடுங்க டீச்சர்."

அந்த 'நாளை' விடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு பன்னிரண்டு பள்ளிகளிலிருந்து ஆசிரியர்களும் முதல்வர்களும் வருகிறார்கள். வரும் ஜனவரி முதல் அத்தனை பள்ளிகளிலும் ஹஸீனாவின் பாடத்தை எடுத்துக்கொள்வதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். ஏற்கெனவே ஹஸீனாவின் பள்ளியையும் சேர்த்து நான்கு பள்ளிகளில் நடக்கிறது. அதில் ஒன்று, தோ பாயோ வட்டாரத்தில் அவள் மகள் அஃப்ரீன் படிக்கும் பள்ளி.

காலைப் பசியாறலுக்கு ரொட்டியில் தேங்காய்ப்பால் காயா ஜாம் தடவிக்கொண்டே ஹஸீனா கேட்டாள். "உனக்கு பிசினஸ் பேப்பர் கொடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல உம்மா." அஃப்ரீன் காலுறையை இழுத்துவிட்டபடி குனிந்தே சொன்னாள். "மார்க் பண்ணிட்டு இருக்காங்க போல லா."

கணவர் முகைதீன் தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஃபேரர் பார்க்கில் பயணப்பெட்டிக் கடை வைத்திருப்பவர். காலையில் அவர் வாய் ஓயாமல் பேசுவார். இன்று பேசவில்லை. ஹஸீனாவுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

"உம்மா, ஆல் தி பெஸ்ட்!" அஃப்ரீன் வாசலில் திரும்பி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம். "நீங்க பேசினா எல்லாரும் கையத் தட்டுவாங்க பாருங்க."

*

புக்கிட் மேராவில் ஹஸீனாவின் பள்ளி. முதல் பாடவேளையிலேயே விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

வகுப்பில் யாரும் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. ஒவ்வொரு பிள்ளையும் தாளைப் புரட்டி, மதிப்பெண்ணைப் பார்த்து, வேறு யாருடையதோ தப்பி வந்துவிட்டது என்பதுபோல மறுபடி பெயரைப் பார்த்தது.

மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்த பிறகு அனுப்ரியா மட்டும் மேசையருகே வந்து நின்றாள். முன்வரிசைப் பெண். கணினிப் பயிற்சிகளில் வகுப்பிலேயே முதலிடம். பிரிலிமில் முப்பத்து நான்கு மதிப்பெண்.

"டீச்சர், எங்கயாவது கூட்டல் தப்பா இருக்குமா?"

"மூணு தரம் பார்த்துட்டேன்மா."

"ஆனா ஸ்க்ரீன்ல நான் எப்பவும் பச்சை தானே டீச்சர்?"

ஹஸீனா அவளை உட்காரச் சொன்னாள்.

பாடம் இதுதான். திரையில் ஒரு கடை. பிள்ளைதான் முதலாளி. விலை வைக்கலாம், சரக்கு எடுக்கலாம், ஆள் சேர்க்கலாம், விளம்பரம் செய்யலாம். முடிவு சரியென்றால் ஓரத்தில் இருக்கும் பட்டை பச்சையாகும். தவறென்றால் சிவப்பு. மதிப்பெண் தானாகவே ஆசிரியரின் கணினிக்கு வந்து சேரும்.

"பச்சை எப்படி வரவெச்சேன்னு சொல்லு."

"விலையக் குறைச்சுப் பார்ப்பேன். சிவப்பு வந்தா ஏத்திப் பார்ப்பேன். அதுவும் சரிவரலேன்னா விளம்பரம். நாலஞ்சு ட்ரைல வந்துடும் டீச்சர்."

"ஏன் பச்சையாச்சுன்னு யோசிப்பியா?"

அனுப்ரியா யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

"அதை நீங்க கேக்கவே இல்லையே டீச்சர்."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

தேர்வில் கேட்டிருந்த கேள்வி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக்கடை. திறந்த ஆறு மாதத்தில் வாடிக்கையாளர் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். என்ன காரணமாக இருக்கும்? என்ன செய்யச் சொல்வாய்? ஏன்? இதற்குப் பத்தொன்பது பேரும் இரண்டு வரி, மூன்று வரி எழுதிவிட்டு மிச்சப் பக்கத்தை வெள்ளையாகவே விட்டிருந்தார்கள்.

கணினி வருவதற்கு முன்னால் அவள் வகுப்பில் 'ஏன்' என்ற கேள்விதான் எந்நேரமும் கேட்கும். ஏன் விலை ஏறியது, ஏன் அந்தக் கடைக்குப் போகிறாய், ஏன் இந்தக் கடைக்குப் போகமாட்டாய். பாதிப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். பின்வரிசை தூங்கிவிடும். திரையில் கடை வந்த நாளில் ஒருவர்கூடத் தூங்கவில்லை. அத்தனை கண்களும் விரிந்திருந்தன. வரிசைக்கு நடுவே நடந்து போனால் இரண்டு பக்கமும் பச்சை, பச்சை, பச்சை. பத்து வருடத்தில் முதல் முறையாகத் தன் பாடம் உயிர்பெற்றுவிட்டது என்று அன்று ஹஸீனா பூரித்துப்போனாள்.

கட்டுக்கட்டாகத் தாள்களை வீட்டுக்குச் சுமக்க வேண்டியதும் இல்லாமல் போயிற்று. அதுவும் பிடித்திருந்தது. அதை இப்போது தனக்குத்தானே ஒத்துக்கொள்ளவேண்டியிருந்தது.

"இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு டீச்சர்" என்றாள் அனுப்ரியா. பெரிய தேர்வைச் சொல்கிறாள். "இப்ப நான் என்ன படிக்கணும்?"

"மண்டே பேசுவோம்" என்று ஹஸீனா அவளை அனுப்பிவைத்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் யாரும் இல்லாத வகுப்பறையில் மடிக்கணினியைத் திறந்தாள். கூட்டத்தில் காட்டப்போகும் திரைப்பக்கங்களில், சுந்தரேசன் சொன்னபடி நேற்று நீக்கியதைத் திரும்பவும் சேர்த்தாள். பதினொன்றாவது பக்கம், கணினி மதிப்பெண். பன்னிரண்டாவது, பிரிலிம். சொல்லிவிடுவோம். பிள்ளைகளை விழித்திருக்கச் செய்தோம், யோசிக்கச் செய்யவில்லை, திருத்த அவகாசம் கொடுங்கள் என்று கேட்டுவிடுவோம். மனம் சற்று இலேசானது.

*

பள்ளி அரங்கில் அறுபது பேருக்குக் குறையாது. சுந்தரேசன் அவளை அறிமுகப்படுத்தியபோது, "எங்கள் ஹஸீனா" என்றார். முன்வரிசையில் அவளுடைய முதல்வர், பெற்ற மகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரித்தார்.

ஹஸீனா நன்றாகவே பேசினாள். பின்வரிசைப் பிள்ளைகள் திரைக்கடையின் முன்னால் முண்டியடித்த கதையைச் சொன்னபோது அரங்கமே சிரித்தது. பதினொன்றாவது பக்கம் வந்தது. வகுப்புச் சராசரி ஐம்பத்தொன்றிலிருந்து எண்பத்தெட்டுக்கு ஏறும் கோடு. பின்னாலிருந்து யாரோ வியந்து சீழ்க்கையடித்தார்கள்.

அடுத்த பக்கத்துக்குப் போக விரலை வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து முதல்வர் கைதட்ட ஆரம்பித்தார். அது பக்கத்துக்குப் பரவி, பின்னால் போய், அரங்கம் முழுவதும் தட்டியது. அவள் முடித்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார்கள். கை ஓயட்டும், சொல்லிவிடலாம் என்று நின்றாள். ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு சொல்ல வாய் வரவில்லை. பன்னிரண்டாவது பக்கத்தைத் தாண்டிப் பதின்மூன்றுக்குப் போனாள். 'நன்றி' என்று எழுதியிருந்தது.

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். ஒல்லியாக, உயரமாக, கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தார்.

"பிரிலிம் எழுத்துத் தேர்வு முடிவு இருந்தா காட்ட முடியுமா? ஸ்க்ரீன்ல வாங்கற மார்க்குக்கும் அதுக்கும் எப்படி இருக்குன்னு தெரிஞ்சா உதவியா இருக்கும்."

மேடையோரத்தில் நின்ற சுந்தரேசனின் தலை லேசாக, மிக லேசாக, இடமும் வலமும் அசைந்தது.

"இன்னும் முழுசா வரலை" என்றாள் ஹஸீனா.

மூன்று சொற்கள். அவர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

*

தேநீர் மேசையில் கறிப்பாப் பலகாரத் தட்டைச் சுற்றிக் கூட்டம். வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் கை குலுக்கினார்கள். சுந்தரேசன் அருகில் வந்து, "முதல்வர்கள் இப்பவே பேசப்போறாங்க. ஏழு மணிக்குள்ள கூப்பிடறேன்" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் குறைந்ததும் அந்த ஒல்லி மனிதர் வந்தார்.

"டீச்சர், நான் தங்கராஜு. உங்க மகளோட பிசினஸ் டீச்சர்."

"ஐயோ, தெரியாமப் போச்சே சார்! அஃப்ரீன் எப்பவும் உங்களப் பத்திச் சொல்லுவா."

அவர் சிரிக்க முயன்றார். "அவ பேப்பரப் பத்தி என்ன நினைக்கறீங்க?"

"இன்னும் கொடுக்கலைன்னு சொன்னாளே."

தங்கராஜு தயங்கினார். சொல்லலாமா கூடாதா என்று அவர் முகத்தில் ஓடியது தெரிந்தது. "திங்கட்கிழமையே கொடுத்துட்டேனே டீச்சர். பெத்தவங்க கையெழுத்தோட செவ்வாய்க்கிழமை திரும்பியும் வந்துடுச்சு."

பையிலிருந்து சில விடைத்தாள்களை எடுத்தார். இன்று அவளிடம் விளக்கம் கேட்கலாம் என்று கொண்டு வந்தவையாம். மேலே இருந்தது அஃப்ரீனுடையது.

முப்பத்தொன்று.

அதன் கீழே கையெழுத்து. மு. முகைதீன். கடை ரசீதில் போடுவதைப் போலவே, கடைசி எழுத்தின் புள்ளியை நீளக் கோடாக இழுத்து.

ஹஸீனா ரொட்டிக்கடைக் கேள்வியைத் தேடிப் புரட்டினாள். மகளின் உருண்டையான எழுத்து. முதலில் விலையைக் குறைக்க வேண்டும். பச்சை வராவிட்டால் விலையை ஏற்ற வேண்டும். அப்போதும் வராவிட்டால் சுவரொட்டி ஒட்டிப் பார்க்க வேண்டும்.

அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வெள்ளை.

தாளை மேசை விளிம்பில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என் கிளாஸ்ல முப்பது பேர்ல பதினேழு பேர் இப்படித்தான் எழுதியிருக்காங்க" என்றார் தங்கராஜு. குரல் தாழ்ந்திருந்தது. "உங்க பாடம் நல்ல பாடம் டீச்சர். இன்னிக்கு அந்தக் கோட்டைப் பார்த்தேன்ல. அப்போ நான் நடத்தின விதத்துலதான் எங்கயோ தப்பு. நாலு நாளா சரியாத் தூங்கல. எங்கன்னுதான் பிடிபடல."

தப்பு உங்கள் மேல் இல்லை சார். என் வகுப்பிலும் பத்தொன்பது பேர். இவ்வளவு சொன்னால் போதும். அந்த மனிதர் இன்றிரவு தூங்கிவிடுவார்.

இரண்டு மேசை தள்ளி முதல்வர் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க லிஸ்ட் வந்ததும் எனக்கும் அனுப்புங்க டீச்சர். ஒப்பிட்டுப் பார்த்துக் கத்துக்கறேன்."

ஹஸீனா தலையாட்டினாள். தலையாட்டியதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தெரிந்தவர்களிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள்.

*

ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கும்போது மணி ஆறரை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் நடைபாதையை அடைத்துக்கொண்டிருந்தது. தோளை இடிப்பவர்களை அவள் உணரவில்லை.

கடையில் ஊருக்குப் போகும் ஒருவருக்கு முகைதீன் பெட்டியின் சக்கரத்தை உருட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பள்ளிச் சீருடையோடு அஃப்ரீன் உள்ளே முக்காலியில். உம்மாவைக் கண்டதும் துள்ளி எழுந்தாள்.

"எப்படி உம்மா போச்சு? கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க." ஹஸீனா முகைதீனைப் பார்த்தாள். "முப்பத்தொண்ணுக்குக் கையெழுத்துப் போட்டீங்களா?"

முகைதீன் சக்கரத்தை விட்டார். வாடிக்கையாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லி நழுவினார்.

"மறைக்கணும்னு இல்ல ஹஸீனா" என்றார் முகைதீன். "இந்த மீட்டிங்குக்காக ரெண்டு வருஷமா நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழம வரைக்கும் சொல்லாதீங்க வாப்பான்னு புள்ள அழுதுச்சு. சரி, முடியட்டும், சாயந்திரமே சொல்லிடலாம்னு..."

"எங்கிட்ட மறைக்கற அளவுக்கு நான் என்ன ஆயிட்டேன்?"

"உம்மா, நான்தான் சொன்னேன். வாப்பாவத் திட்டாதீங்க." அஃப்ரீன் இடையில் வந்து நின்றாள். "உங்க பாடத்துல படிச்சே, உங்க மகளே ஃபெயில்னா உங்களுக்கு எவ்ளோ ஷேம்? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம், உனக்கென்ன, உங்கம்மா பண்ண லெசன்தானேன்னு கேப்பாங்க. உங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் புரியுது, எங்களுக்குத்தான் மண்டையில ஏறலன்னு நெனச்சேன். எனக்கு பாலிடெக்னிக்ல பிசினஸ் எல்லாம் சரிப்படாது உம்மா. நான் மக்கு. அவ்ளோதான்."

ஹஸீனா அவளை இழுத்து அணைத்துக்கொள்ளப் போனாள். முடியவில்லை. இந்தப் பொய்யின் மேல் நின்றுகொண்டு எப்படி அணைப்பது?

"நீ மக்கு இல்ல. என் கிளாஸ்லயே பத்தொன்பது பேர் ஃபெயில்."



"பத்தொன்பதா?" அஃப்ரீன் மெதுவாகக் கேட்டாள். "எப்பத் தெரியும்?"

"நேத்து."

"மீட்டிங்ல சொன்னீங்களா?"

ஹஸீனா இல்லையென்று தலையசைத்தாள்.

"அஃப்ரீன், உம்மா களைச்சு வந்திருக்கா. விடும்மா" என்றார் முகைதீன்.

"இல்ல வாப்பா." பெண் விடவில்லை. கண்ணில் தண்ணீர் தளும்பியது, குரல் மட்டும் நிதானமாக வந்தது. "தங்கராஜு சார் இன்னிக்குக் காலைல எங்க கிளாஸ் முன்னாடி நின்னு சாரி சொன்னாரு உம்மா. நான் சரியாச் சொல்லிக் கொடுக்கலன்னு. சில பசங்க பின்னாடி சிரிச்சாங்க. அவரு அப்பவும் நின்னுட்டே இருந்தாரு. அவரும் மீட்டிங்குக்கு வந்திருப்பாருல்ல, கேட்டாரா உங்ககிட்ட?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"இன்னும் வரலைன்னு சொன்னேன்."

முகைதீன் "யா அல்லாஹ்" என்று முணுமுணுத்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருட மணவாழ்க்கையில் மனைவியை அவர் இப்படிப் பார்த்ததில்லை. கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். யாரோ தெரியாத பெண்மணி கடைக்குள் வந்து நிற்பதுபோலப் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து என்கூட உட்காரு" என்றாள் ஹஸீனா அவசரமாக. "அஞ்சு வாரம். தினமும். கணினியே வேண்டாம். பேப்பரும் பேனாவும். நான் சொல்லித் தர்றேன்மா."

"எனக்கு நீங்க வீட்லயே இருக்கீங்க. அவங்களுக்கெல்லாம் யாரு?"

காலையில் மேசையருகே நின்ற அனுப்ரியாவின் முகம் ஹஸீனாவுக்கு நினைவு வந்தது. நான்கு பள்ளிகளில் இரண்டின் கணக்குத்தான் தெரியும். மற்ற இரண்டு பள்ளிகளில் எத்தனை பேரோ? இன்று அந்த அரங்கில் அவள் வாயைத் திறந்திருந்தால் அதையும் கேட்டிருப்பார்கள்.

கைப்பையில் தொலைபேசி அடித்தது. சுந்தரேசன் என்று திரையில் பெயர்.

அவள் அதை அணைத்துவிடப் போனாள்.

"எடுங்க உம்மா" என்றாள் அஃப்ரீன். "ஸ்பீக்கர்ல போடுங்க."

முகைதீன் எழுந்து போய்க் கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். தெருவின் இரைச்சல் பாதியாக அடங்கியது. ஹஸீனா தொலைபேசியை ஒரு நீலப் பெட்டியின் மேல் வைத்துத் தொட்டாள்.

"டீச்சர்! வாழ்த்துகள்!" சுந்தரேசனின் குரல் கடையை நிறைத்தது. "பன்னிரண்டு ஸ்கூலும் ஒத்துக்கிட்டாங்க. ஜனவரியில ஆரம்பம். நீங்கதான் பொறுப்பு. பிரின்சிபல் அவ்ளோ சந்தோஷம்!"

முகைதீன் கதவில் கை வைத்தபடி நின்றார்.

"அப்புறம் ஒரு சின்ன விஷயம். கேள்வி கேட்டாரே, தங்கராஜு, உங்க பிரிலிம் லிஸ்ட்டைக் கேட்டு இப்பவே மெயில் போட்டிருக்காரு. எல்லாருக்கும் காப்பி வேற. அப்படி எந்த லிஸ்ட்டும் இன்னும் தயாராகலைன்னு ரெண்டு வரி எழுதி வெச்சிருக்கேன். உங்க பேர்ல போனாத்தான் சரியா இருக்கும். சரின்னு சொல்லுங்க, இப்பவே அனுப்பிடறேன்."

முகைதீன் கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. அஃப்ரீன் தொலைபேசியைப் பார்க்கவில்லை, உம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்" என்றாள் ஹஸீனா.